சேரியும் பட்டாவும்

சேர்ந்து வாழும் இடம் சேரி. சங்க நூல்களில் இச்சொல்லுக்கு இழிவு ஏதும் இல்லை. மக்கள் கூடி வாழும் குடியிருப்பு என்பதே பொருள். மதுரை மதிலுக்கு வெளியே அறவோர் வாழ்ந்த புறஞ்சேரியில்தான் கோவலனும் கண்ணகியும் முதலில் தங்கினர். சிலப்பதிகாரத்தில் ஒரு காதையே அப்பெயரால் வழங்குகிறது. சோழர் காலத்தில் இச்சொல் ஆட்சிமுறைக்குள்ளும் இடம்பெற்றது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) முப்பது குடும்புகளையும் பன்னிரண்டு சேரிகளையும் குறிக்கின்றன. ஏரியையும் தோட்டத்தையும் பொன்னையும் கண்காணிக்கக் குடவோலை வழியே வாரியப் பெருமக்களைத் தேர்ந்தபோது சேரியும் ஒரு கணக்கீட்டு அலகாக அமைந்தது. அங்கே சேரி என்றது அந்தணர் ஊரின் பகுதியையே.

நூறாண்டு கழியுமுன் இன்னொரு வழக்கு கல்லில் ஏறிவிட்டது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் வரி நீக்கிய நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரியையும் பறைச்சேரியையும் வைக்கின்றன. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அவற்றில் வருகிறது. ஒரு சொல் இரண்டாகப் பிளந்த இடம் இது எனலாம். ஒரு சேரி தன் வாரியத்தைத் தானே தேர்ந்தது. மற்றொன்று யாரோ எழுதிய பட்டியலில் சுடுகாட்டுக்கு அருகே ஓர் இனமாக நின்றது.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் போற்றுவோர் பெரும்பாலும் குடத்தையும் ஓலையையும் பற்றியே பேசுவர். ஓலையில் பெயர் ஏறுவதற்கு என்ன தகுதி வேண்டும் என்ற பகுதியை விரைந்து கடந்துவிடுவர். கால் வேலிக்கு மேற்பட்ட, இறை செலுத்தும் நிலம் உடையவனாக இருக்கவேண்டும். தன் சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு வாழ்பவனாக இருக்கவேண்டும் என்பன அத்தகுதிகளுள் அடங்கும். மனை உள்ளவனுக்கே மன்றம். மக்கள் பங்கேற்பு என்று நம் காலத் திட்ட ஏடுகள் பேசும் பொருளின் முடிச்சு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்குக் கிடக்கிறது. நகரத்துக் குடிசைப் பகுதிகளின் வரலாற்றைப் புரட்டினால், மக்கள் கூடிப் பேசியதும் பணம் போட்டதும் சுவர் எழுப்பியதும் காலடி மண் தமக்குரியது என்ற உறுதி கிடைத்த பின்னரே நிகழ்ந்ததைக் காணலாம். உறுதி கிடைக்காத இடத்தில் பங்கேற்பு என்பது வருகைப் பதிவேட்டில் இடும் கையெழுத்தாகவே நின்றுவிட்டது.

ஆங்கிலேயர் ஆட்சி இந்த முடிச்சைக் காகிதத்தில் இறுக்கியது. நில அளவையில் வரி விளையும் நிலத்துக்குப் பட்டா எழுதப்பட்டது. வரி விளையாத ஏரிக்கரை, ஓடைக்கரை, சாலையோரம், சுடுகாடு, மேய்ச்சல் நிலம் யாவும் புறம்போக்கு ஆயின. கூலிக்காகப் பட்டணம் வந்தவர்கள் குடிசை போட்டது இந்தப் புறம்போக்கில்தான். ஊர்ப்புறத்திலோ உழவுத்தொழிலாளியின் குடிசை மிராசுதாரரின் நிலத்தில் இருந்தது. கூலி கேட்டு வாய் திறந்தால் குடிசையைப் பிரித்தெறிவது எளிது. இதை உணர்ந்த சென்னை மாகாண அரசு 1920இல் தொழிலாளர் ஆணையரை நியமித்த பின்னர், தஞ்சை மாவட்டத்தில் தாழ்த்தப்பட்டோர்க்கு மனை நிலம் வாங்கித் தரும் பணியை மேற்கொண்டது. மனையின் விலையைக் குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தவணையில் திருப்பிச் செலுத்தவேண்டும் என்பது ஏற்பாடு. தானமாகத் தராமல் விலைக்குத் தந்ததைக் குறைகூறுவோர் உண்டு. வறியவனிடமே விலை கேட்பது அறமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் நிலவுடைமையாளன் கைப்பிடியிலிருந்து குடிசையின் அடி நிலத்தை முதன்முதலாக விடுவித்த ஏற்பாடு அது. பின்னாளில் நகரங்களில் நடந்தவற்றுக்கு அதுவே முன்மாதிரி போல அமைந்துவிட்டது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இச்சிக்கலுக்குத் தனி முகம் உண்டு. சேலத்தில் குகையும் அம்மாப்பேட்டையும் பொன்னம்மாப்பேட்டையும் தறி ஓசையில் வளர்ந்த பகுதிகள். குழித்தறி வீட்டின் தரையைத் தோண்டி அமைப்பது. அதனால் வீடு வேறு, தொழிற்கூடம் வேறு என்ற பிரிவு நெசவாளர்க்கு இல்லை. பாவு ஓடத் தெரு வேண்டும். நூல் காய வெயில் வேண்டும். முதலாளியின் கடையும் கூட்டுறவுச் சங்கமும் நடந்து செல்லும் தொலைவில் இருக்கவேண்டும். செவ்வாப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளுக்குக் கொலுசு செய்வோர் பலரும் வீட்டுத் திண்ணையிலும் உள்ளறையிலும் இருந்தே வேலை பார்த்தவர்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு ஆகிய ஊர்களில் விசைத்தறி பெருகியபோது தறிக்கூடத்தை ஒட்டியே வரிசை வீடுகள் எழுந்தன. இத்தகைய ஊரில் ஒரு குடும்பத்தை ஐந்து கல் தொலைவுக்குப் பெயர்ப்பதென்றால் அதன் பிழைப்பையே பெயர்க்கவேண்டும். மூன்றாம் மாடியில் தறிக்குழி தோண்ட இயலாது என்பதைச் சொல்ல நகரமைப்பு வல்லுநர் தேவையில்லை. நெசவாளர் காலனி என்ற பெயர் இவ்வட்டாரத்து ஊர்கள் பலவற்றில் இன்றும் வழங்குகிறது. கூட்டுறவு இயக்கம் மனையையும் தறியையும் ஒருசேர நினைத்த காலத்தின் எச்சம் அது.

சேலத்தின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டம் கடந்து காவிரியில் சேரும் திருமணிமுத்தாறு இன்னொரு முகம். நகரத்தின் சாக்கடையையும் சாயக் கழிவையும் ஏந்திச் செல்லும் ஆறு அது. ஓடைக்கரையும் ஆற்றங்கரையும் எந்த நகரிலும் மனை விலை இல்லாத இடங்கள். நகரைத் துப்புரவு செய்வோர் அந்நகரின் கழிவு போய்ச் சேரும் இடத்திலேயே குடியிருக்க நேர்வது தமிழ்நாட்டு நகரங்களுக்குப் பொதுவான நிலை. அது சாதியின் வேலையும் ஆகும். நில விலையின் வேலை மட்டுமன்று.

விடுதலைக்குப் பின் 1956இல் நடுவண் அரசு குடிசைப் பகுதிச் சட்டம் ஒன்றை இயற்றியது. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் 1961இல் தோன்றியது. ஆனால் குடிசைக்கெனத் தனி வாரியம் வந்தது 1970இல்தான். மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காணும் அண்ணாவின் வாசகம் அதன் முத்திரையாயிற்று. 1971இல் சட்டமும் வந்தது. அவ்வாண்டு நடந்த கணக்கெடுப்பு சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகளையும் அவற்றில் 7 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களையும் கண்டது. ஏழாண்டுகளில் குடிசையே இல்லாத நகரம் என்பது அந்நாளைய கனவு.

வாரியத்தின் பெயரில் உள்ள ‘மாற்று’ என்ற சொல் கருதத்தக்கது. குடிசையை மாற்றி அடுக்குமாடி கட்டுவதே வழி என்ற நம்பிக்கை அச்சொல்லில் உள்ளது. கூரை வீடுகள் ஆண்டுதோறும் தீப்பற்றி எரிந்த நகரில் காரைக் கூரையின் கவர்ச்சியை எள்ளி நகையாடுவதற்கில்லை. அந்த முதற்கட்ட மாடிகள் பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயே எழுந்தன என்பதையும் மறக்கலாகாது. மீனவர் கடலை விட்டும் சுமைதூக்குவோர் சந்தையை விட்டும் போகவில்லை. இது பெருங்குணம். குறை வேறிடத்தில் இருந்தது. கட்டும்போது குடியிருப்போரை எவரும் கேட்கவில்லை. கட்டிய பின் அவர்கள் வீட்டுக்கு உரியவராகவும் இல்லை, முறையான வாடகைதாரராகவும் இல்லை. தண்ணீர்க் குழாய் ஒழுகினால் வாரியம் பார்க்கட்டும் என்பது குடியிருப்போர் மனநிலை. தவணை கட்டாதவர்க்கு எதற்குப் பழுது பார்ப்பது என்பது வாரியத்தின் மனநிலை. இருவருக்கும் நடுவே கட்டடம் இற்றது. ஒரு மாடிக்குச் செலவான பணம் பல குடும்பங்களுக்குத் தெருவும் குழாயும் போடப் போதுமானது என்ற கணக்கும் விரைவில் தெரிந்தது. ஏழாண்டுக் கனவு ஏழாண்டில் முடியவில்லை.

அந்த ஏழாம் ஆண்டிலேயே வேறொரு வழி திறந்தது. 1977இல் உலக வங்கி 24 மில்லியன் டாலர் கடன் தர, சென்னை நகர வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. 1980இல் 42 மில்லியன் டாலரில் இரண்டாம் கட்டம். இதன் கருத்து எளியது. குடிசைகள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்; அரசு பாதையும் வடிகாலும் குடிநீரும் கழிப்பிடமும் விளக்கும் தரட்டும்; மனை உரிமையைத் தவணை முறையில் குடியிருப்போருக்கே விற்கட்டும்; வீட்டை அவர்கள் கட்டிக்கொள்வார்கள். மற்றொரு கிளையாக அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனைகள் பிரிக்கப்பட்டன. மிக வறியவர்க்குரிய சிறு மனை சுமார் 40 சதுர மீட்டர். பெரிய மனைகளையும் கடை மனைகளையும் நல்ல விலைக்கு விற்று, அந்த இலாபத்தால் சிறு மனையின் விலையைத் தாழ்த்தினர்.

வாரியத்துக்குள் இதற்கு வரவேற்பு இருந்ததில்லை. மாடி கட்டித் திறப்புவிழா நடத்துவது அரசியலுக்கு உகந்தது. சாக்கடை போட்டு மனைப்பத்திரம் தருவதில் பொற்கத்தரிக்கு வேலை குறைவு. உலக வங்கிக்கும் தன் நோக்கம் இருந்தது; செலவிட்ட பணம் திரும்பி வரவேண்டும் என்பதில் அது கறாராக இருந்தது. ஏழைமேல் கொண்ட அன்பினால் வங்கி இதைச் செய்தது என்று நினைப்பது பேதைமை. ஆனால் நோக்கம் எதுவாயினும் விளைவு கருதத்தக்கதாயிற்று. தம்மை எவரும் அகற்றமாட்டார் என்ற நம்பிக்கை வந்ததும் ஓலை போய் ஓடு வந்தது. ஓடு போய்க் காரை வந்தது. பிள்ளைகள் வளர்ந்தபின் மேல்தளம் வந்தது. சீட்டுப் பணம், நகை அடகு, சொந்தக்காரர் கைமாற்று, ஓய்வுநாள் உழைப்பு ஆகியவையே அந்த வீடுகளின் மூலதனம். கொத்தனாரும் சித்தாளும் நிறைந்த தெருக்களில் கட்டடக் கலைஞரைத் தேடி எங்கும் போகவேண்டியிருக்கவில்லை.

அந்நாளில் இம்மனைத் திட்டங்கள் தோல்வி என்றே எழுதப்பட்டன. மனைகள் மெல்லவே நிரம்பின. சிலர் விற்றுவிட்டுப் போயினர். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு சென்னையிலும் மும்பையிலும் இம்மனைப் பகுதிகளை இருபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அளந்து பார்த்து, பல நிலை வருவாயினர் கலந்து வாழும் உயிர்ப்புள்ள பகுதிகளாக அவை வளர்ந்திருப்பதைக் காட்டியது. ஒரு வீடு வளர ஒரு தலைமுறை ஆகும்; திட்டத்தின் கணக்கை ஐந்தாண்டில் முடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதே காலத்தில் தெற்காசியாவில் வேறிரண்டு முயற்சிகள் நடந்தன. 1980இல் கராச்சியின் ஒராங்கிப் பகுதியில் அக்தர் அமீத் கான் தொடங்கிய பணி அவற்றுள் ஒன்று. அங்கே இருபது முப்பது வீடுகள் கொண்ட சந்து ஒன்றே அமைப்பின் அலகு. சந்து மக்கள் தம்முள் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்து, பணம் திரட்டி, வீட்டுக் கழிப்பறையிலிருந்து சந்துக் குழாய் வரை தாமே போட்டனர். அளவும் மட்டமும் சொல்லித் தருவதே கானின் குழுவினர் வேலை. பெருங்கால்வாய் மட்டும் அரசின் பொறுப்பு. அரசு இலவசமாகத் தரும் என்று காத்திருந்தவர்களை, காத்திருக்கும் காலத்தில் மருத்துவத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிடச் சொல்லி அவர் இணங்கச் செய்தார். உத்திரமேரூரின் குடும்பும் ஒராங்கியின் சந்தும் அளவில் ஒன்றையொன்று நினைவூட்டுவன.

மற்றொன்று இலங்கையில். 1984 முதல் 1989 வரை நடந்த பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தின் நகரப் பிரிவு கொழும்பின் தோட்டங்களில் செயற்பட்டது. அங்கே தோட்டம் என்பது தேயிலைத் தோட்டத்தைக் குறிப்பதன்று. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நெருங்கி வாழ்ந்த நகரக் குடிசை வரிசைகளுக்கு வழங்கும் பெயர். குடியிருப்போர் மன்றம் கூடி, மனையின் எல்லையையும் சந்தின் அகலத்தையும் தமக்குள் பேசி வரையறுத்தது. பொதுக் கிணறும் வடிகாலும் கட்டும் ஒப்பந்தத்தை வெளி ஒப்பந்தக்காரருக்குத் தராமல் அம்மன்றத்துக்கே தந்தனர். கூலியும் இலாபமும் தெருவிலேயே தங்கின. 1983இன் கொடுமைகளுக்குப் பின், நாட்டின் வடக்கும் கிழக்கும் எரிந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். சந்துக்கு மூன்றடி விடும் பேச்சில் மூன்று இனத்தாரும் ஒன்றாக அமர்ந்திருந்தனர்.

தமிழ்நாட்டில் 1984 முதல் குடிசை மாற்று வாரியத்தின் பணி சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களுக்கும் படிப்படியாக விரிந்தது. ஆயினும் சேலம் பகுதிக்கு இவ்வரலாற்றில் உள்ள பங்கு வாரியத்தின் வழியே வந்ததன்று. 1989 செப்டம்பரில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு பெண்களின் சுய உதவிக் குழுக்கள் தருமபுரியில் தொடங்கின. 1991-92இல் அது சேலத்துக்கும் தென்னார்க்காட்டுக்கும் விரிந்தது. அன்றைய சேலம் மாவட்டத்தில் இன்றைய நாமக்கல்லும் அடக்கம். 1997 சனவரியில்தான் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. பதினைந்து இருபது பெண்கள் வாரம் கூடிச் சிறுதொகை சேமித்துத் தமக்குள் கடன் கொடுத்துக்கொள்வதே குழுவின் தொழில். ஊர்ப்புறத்துக்கென வகுத்த திட்டம் அது. வீடு கட்டுவது அதன் நோக்கம் அன்று. எனினும் கூட்டம் நடத்தவும் தீர்மானம் எழுதவும் வரவுசெலவு படித்துக் காட்டவும் பெண்கள் பழகிய இடம் அதுவே. 1997க்குப் பின் மகளிர் திட்டமாக அது மாநிலமெங்கும் பரவியது. நகர ஏழைகளுக்கான பின்வந்த திட்டங்கள் யாவும் இத்தகைய குழுக்களின்மேல் ஏறியே பயணம் செய்தன.

காவிரியின் மறுகரையில், திருச்சியில், இக்குழுக்களின் வலிமை வேறு வகையில் வெளிப்பட்டது. குடிசைப் பகுதிகளில் மாநகராட்சி கட்டிய பொதுக் கழிப்பிடங்கள் ஒவ்வொன்றாகப் பாழாயின. அவற்றைத் திருத்திக் கட்டி, நடத்தும் பொறுப்பை அப்பகுதிப் பெண்கள் குழுக்களிடம் ஒப்படைக்கும் முயற்சியைக் கிராமாலயா முதலிய தொண்டு நிறுவனங்கள் முன்னின்று நடத்தின. ஒருவருக்கு ஒருமுறைக்கு ஐம்பது காசு கட்டணம். அப்பணத்தில் துப்புரவுக் கூலியும் மின்கட்டணமும் போக மிஞ்சியது பகுதியின் பொதுத் தேவைக்கு. பெண்களே முறைவைத்து வாயிலில் அமர்ந்து காசு வாங்கினர், கணக்கு எழுதினர். 2002இல் திருச்சியின் கல்மந்தை, திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கம் முற்றும் ஒழிந்த முதல் குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. இருட்டும் வரை காத்திருக்கும் தண்டனையிலிருந்து பெண்கள் தம்மைத் தாமே விடுவித்துக்கொண்டனர் என்று இதைச் சொல்வதே பொருத்தம்; சுகாதாரத் திட்டத்தின் வெற்றி என்பது அதிகாரிகளின் மொழி.

இங்கு ஒன்றைக் கேட்காமல் கடக்க இயலாது. நடுத்தர வகுப்பார் வாழும் நகரில் வடிகாலுக்காக எவரும் குழு அமைப்பதில்லை. வரி செலுத்துகின்றனர், வடிகால் வருகிறது. ஏழையிடம் மட்டும் உழைப்பும் நேரமும் ஏன் கேட்கவேண்டும்? பங்கேற்பு என்ற சொல்லுக்குப் பின்னே கைகழுவும் அரசு ஒளிந்திருப்பது உண்டு. ஒராங்கியிலும் பெருங்கால்வாயை அரசு கட்டாதவரை சந்துக் குழாய் ஓடையில்தான் விழுந்தது. மக்களின் கை சந்து முனை வரைதான் எட்டும். அதற்கப்பால் நகராட்சி வேண்டும்.

1990களில் காற்று திசை மாறியது. உலக வங்கி மனையையும் குடிசைப் பகுதியையும் விட்டு நகராட்சிகளின் கடன் பக்கம் திரும்பியது. 1996இல் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் அமைந்தது. சென்னையில் 1985இல் 17 பகுதிகள் சேர்க்கப்பட்டதற்குப் பின் நெடுங்காலம் புதிதாக எந்தக் குடிசைப் பகுதியும் சட்டப்படி அறிவிக்கப்படவில்லை. அறிவிக்கப்படாத பகுதிக்கு மேம்பாடும் இல்லை, சட்டத்தின் காவலும் இல்லை. 2000ஐ ஒட்டி நகரத்துக்கு வெளியே, பழைய மாமல்லபுரம் சாலையருகே பல்லாயிரம் வீடுகள் கொண்ட மறுகுடியமர்வுப் பகுதி எழுந்தது. பின்னர் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் வந்தன. ஆற்றோரத்திலிருந்து அகற்றப்பட்டோர் வேலையையும் பள்ளியையும் விட்டு அங்குச் சென்றனர். முதலில் எழுந்த அப்பகுதிக்கு இட்ட பெயர் கண்ணகி நகர். பெயர் வைத்தவர் புறஞ்சேரியை நினைத்திருக்கமாட்டார்.

2015இல் நடுவண் அரசு தொடங்கிய நகர வீட்டுத் திட்டத்தில் ஒரு கிளை, பழைய கருத்துக்குத் திரும்புவது போல் தோன்றியது. சொந்த மனை உள்ளவர் தாமே வீடு கட்டிக்கொள்ள நடுவண் அரசின் ஒன்றரை இலட்சமும் மாநில அரசின் அறுபதாயிரமும் சேர்த்து 2.10 இலட்சம் ரூபாய் மானியம். சிறு நகரங்களில் இதற்குப் பெரும் வரவேற்பு இருந்தது. வீட்டின் அமைப்பைத் தீர்மானிப்பவர் வீட்டுக்காரரே என்பதால் தறிக்கும் பட்டறைக்கும் இடம் விட்டுக் கட்ட முடிந்தது. ஆனால் விண்ணப்பத்தோடு பட்டா இணைக்கவேண்டும். ஓடைப் புறம்போக்கிலும் ஆற்றுப் புறம்போக்கிலும் இரண்டு தலைமுறையாக வாழ்வோரிடம் குடும்ப அட்டை உண்டு, வாக்காளர் அட்டை உண்டு, மின்கட்டண அட்டை உண்டு. அது ஒன்று இல்லை. அவர்களுக்கு எஞ்சியது வாரியத்தின் அடுக்குமாடி ஒதுக்கீடே. அதற்கும் பயனாளி பங்குத்தொகை கட்டவேண்டும்.

2021இல் குடிசை மாற்று வாரியம் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. ஐம்பதாண்டுகளுக்குப் பின் ‘மாற்று’ போய் ‘மேம்பாடு’ வந்தது. அதே ஆண்டு திசம்பரில் திருவொற்றியூரில் வாரியத்தின் பழைய குடியிருப்புக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது; விரிசல் கண்டு குடியிருந்தோர் முன்னரே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. வெளியேறுங்கள் என்று ஒருவர்க்கொருவர் கதவைத் தட்டிச் சொன்னவர்கள் அங்குக் குடியிருந்தோரே.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மனை பெற்றோர் குத்தகையும் விற்பனையும் கலந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். தவணை முடிந்ததும் விற்பனைப் பத்திரம் தருவதாக அதில் எழுதியிருந்தது. கையெழுத்திட்டவர் பலர் இறந்துவிட்டனர். ஓலைக் குடிசை இருந்த இடத்தில் பேரப்பிள்ளைகள் இரண்டு தளம் எழுப்பிவிட்டனர். பத்திரம் வராத வீடுகள் இன்னும் ஏராளம். மஞ்சளேறிய தவணைச் சீட்டுகளை நெகிழிப் பைக்குள் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறார்கள்.